மண்வெட்டி பட்ட பாத்தி

டெரெக் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்தார்.

பயிர் வைக்க ஊர்க்காரர்களுக்குத் துண்டு நிலங்களை வாடகைக்கு விடும் தோட்டச் சங்கத்தின் சார்பில் பார்வையிட வருபவர் அவர். மார்ச் முதல் ஞாயிறு, கையில் தாள்களும் பென்சிலுமாக ஒவ்வொரு துண்டு நிலமாகப் பார்த்துக்கொண்டே வருவார். பாத்தி வசந்தகால நடவுக்குத் தயாராக இருந்தால் பெயருக்கு நேரே ஒரு டிக். இல்லாவிட்டால் நோட்டீஸ். மூன்றாவது நோட்டீஸ் வந்தால் நிலம் கைமாறிவிடும்.

பெரிலுக்கு இரண்டு வந்துவிட்டன.

பெரில் எனக்கு மேல்வீட்டுக்காரி. நவம்பர் கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது தோட்டத்துச் சாவியை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். ஜனவரியில் அவளுக்குத் திரும்பி வந்த முதல் சொல் 'பாத்தி'. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறாள். இந்த நிலமும் போய்விட்டது என்று தெரிந்தால் அவள் எழுந்திருக்கமாட்டாள்.

அதனால் குளிர்காலம் முழுக்க நான் கொத்தினேன்.

ஷெஃபீல்டின் களிமண் லேசில் மசியாது. புரட்டிப் போட்டு, குதிரைச் சாணம் கலந்து, கட்டிகளை உறைபனிக்கு விட்டேன். உறைந்து உருகி, உறைந்து உருகி அவை தானாகவே உதிர ஆரம்பித்தன. பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். நிலத்தை வாடகைக்கு எடுத்தவர்தான் தன் கையால் பாடுபட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. வேறு ஆள் செய்தால் அதற்கும் நோட்டீஸ்தான்.

"யாரு கொத்துனது?"

"பெரில்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே கொத்தி வச்சிட்டா."

டெரெக் கட்டியை விரல்களுக்கு நடுவே நசுக்கினார். சிரிக்கவில்லை.

"கண்ணு, பதினாலு வருஷமா அவ இந்த மண்ணுல மண்வெட்டியே படவிட்டதில்ல. அட்டைப்பெட்டிய விரிச்சு மேல எருவக் கொட்டுவா, அவ்ளோதான். மண்ணக் கொத்துறவன் புழுவக் கொல்றவன்னு கூட்டத்துக்குக் கூட்டம் என்கூட மல்லுக்கு நிப்பா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன். அதுவும் சோறே இல்லாத தட்டில்.

மூன்று மாத உழைப்பும் அவர் காலடியில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டு கிடந்தது. கொத்தாமல் விட்டிருந்தாலும் நிலம் போயிருக்கும். கொத்தியதாலும் போகப் போகிறது.

"உன் பேரு என்ன?"

இதைக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் இத்தனை நேரமும் பயந்துகொண்டிருந்தேன்.

"மோரீன் ஆஷ்வொர்த்."

மேல் தாளைத் தூக்கி அடுத்ததைப் பார்த்தார். முதல் வரியிலேயே அவர் விரல் நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"நிலம் வேணும்னு ஆறு வருஷமா காத்திருக்க. வரிசையில முதல் பேரே உன்னோடதுதான். நீ சும்மா வீட்டுல உக்காந்திருந்தாலே இது இன்னிக்கு உன் கைக்கு வந்திருக்குமே!"

ஆசையில்லை என்று சொன்னால் பொய். ஜன்னலோரத் தொட்டியில் நாலு கீரைச் செடியை வைத்துக்கொண்டு ஆறு வருடம் ஓட்டியவள் நான். டிசம்பரில் மூன்று வரிசை கொத்தியதும் மண்வெட்டியைக் கொட்டகையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவள்தான். இரண்டு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை.

டெரெக் தாள்களையும் பென்சிலையும் என்னிடம் நீட்டினார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீயே போடு. மழைக்கு முன்னாடி அட்டைய விரிச்சு மூடிரு. அவ வந்து பாத்தா நம்ம ரெண்டு பேரையும் உயிரோட புதைச்சிருவா."

கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

பெரிலின் பெயருக்கு நேரே டிக் போட்டேன். என் மனசு மாறுவதற்குள் போட்டுவிட வேண்டுமே என்று கை பறந்தது.