நிறுத்தச் சொன்னவள்

"புருஷன் பொழைக்கிறது பிடிக்காமத்தான் வைத்தியத்தை நிறுத்திட்டா."

சுருளியாண்டி செத்து மாதங்கள் கழிந்தும் காமயகவுண்டன்பட்டியில் அவர் பெண்டாட்டியைப் பற்றிய இந்தப் பேச்சு ஓயவில்லை. கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, பெற்ற மகன் பாண்டீஸ்வரன்தான்.

அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். கண்டுபிடிக்கும்போதே கல்லீரல்வரை பரவியிருந்தது. வழக்கமான இரண்டு மருந்தோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்து ஏற்றினால் ஆயுள் கூடுமா என்று மதுரை ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அதில் சேர்த்துவிட்டதே பாண்டீஸ்வரன்தான்.

முடி கொட்டியது. வாயெல்லாம் புண். கஞ்சித்தண்ணிகூட இறங்கவில்லை. அப்பா முனகும்போதெல்லாம், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொல்லி அதட்டியே பஸ் ஏற்றினான்.

ஒருமுறை அவன் திராட்சை லோடோடு கேரளா போயிருந்தான். திரும்பி வந்தால், அப்பா வீட்டில் படுத்திருக்கிறார்.

"நான்தான் போதும்னு சொல்லிக் கூட்டியாந்தேன்" என்றாள் அம்மா இருளம்மாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றோடு அம்மாவிடம் பேச்சை விட்டான். அப்பாவின் கருமாதியில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கொலைகாரி என்றான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்படியும் ஆத்திரம் தீராமல் மதுரைக்கே போய் டாக்டரைப் பிடித்தான். ஒரு பொம்பளை சொன்னாள் என்பதற்காகப் பாதியில் அனுப்பலாமா என்று கத்தினான்.

டாக்டர் அவனை உட்காரச் சொன்னார்.

"குணமாகாது, கொஞ்ச நாள் கூடலாம், அதுவும் நிச்சயமில்லைன்னு சேரும்போதே சொன்னேன். அன்னைக்கு உங்கப்பா உங்க முகத்தைப் பாத்துட்டுத்தான் தலையாட்டினார். நீங்க இல்லாதப்ப என் கையைப் பிடிச்சிட்டு அழுதார். 'என்னால முடியலங்க, மகன்கிட்டச் சொல்லத்தான் பயமாயிருக்கு'ன்னார். 'எம் பேரைச் சொல்லிக்கலாம், வாங்க'ன்னு உங்கம்மாதான் தேத்திக் கூட்டிட்டுப் போனாங்க."

எந்த பஸ்ஸில் ஏறினான், எப்படி ஊர் வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

இருளம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லியிருந்தா சாகுறமட்டும் அவுகளையில்லய்யா ஏசியிருப்ப. ஏச்சு வாங்க எனக்குத்தான தெம்பு இருந்துச்சு."