பசையிலும் மாவுச்சத்து

“டீச்சர், உங்க பிள்ளைக களவாங்குதுக!”

பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்று கத்தினார் செல்லப்பாண்டி. ஏழாயிரம்பண்ணைத் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளை அவர். மூன்றாம் வகுப்பு கப்சிப்பென்று அடங்கியது. சண்முகத்தாய் டீச்சர் பதறிப்போய் வெளியே வந்தாள்.

“என்னத்தை எடுத்துச்சுக எம் பிள்ளைக?”

“பசையை! பெட்டி ஒட்ட வீட்டுக்குக் குடுத்துவிடுற மைதாப் பசையை வழிச்சுத் திங்குதுக. கேட்டா, ‘இதுல மாவுச்சத்து இருக்கு, டீச்சரே சொன்னாக’ங்குதுக. நீங்க பாடம் நடத்துறீகளா, எங்க ஆபீசுக்கு உலை வைக்கிறீகளா?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. போன வாரம்தான் அந்தப் பாடம். உடம்புக்குத் தெம்பு தருவது மாவுச்சத்து, அது அரிசியிலும் கம்பிலும் கிழங்கிலும் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்குத்தான் கை சும்மா இருக்காதே! காயத்துக்குப் போடும் அயோடினை எடுத்துவந்து சோற்றில் ஒரு சொட்டு விட்டாள். எது நீலமாகிறதோ அதில் மாவுச்சத்து உண்டு என்றாள். பிள்ளைகள் ஆவென்று வாய் பிளந்தன.

மறுநாள் வேலுத்தாய் ஒரு சிரட்டையில் பசை கொண்டுவந்தாள். அவள் வீட்டில் அடுப்பெரிவது ஒருவேளைதான். இரண்டு வயதாகியும் அவள் தம்பிக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை.

“இதுலயும் விடுங்க டீச்சர்.”

விட்டாள். அதுவும் நீலமானது. கைதட்டிச் சிரித்த கூட்டத்தில் டீச்சரும் இருந்தாள். இப்போது அழுகைதான் வந்தது. பள்ளிக்கூடத்துச் சாப்பாடெல்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. கெஞ்சுவதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“பசிங்க அண்ணாச்சி. அடிச்சா நிக்குமா? மத்தியானம் ஆளுக்கு ஒரு கும்பா கம்பங்கூழ் ஊத்தச் சொல்லுங்க முதலாளிகிட்ட. அப்புறம் பசையைத் திரும்பியும் பாக்காதுக.”

செல்லப்பாண்டியின் குரல் இறங்கியது. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். “கூழுக்கெல்லாம் முதலாளி அசைய மாட்டாக டீச்சர். ஆனா இனிமே ஒரு பிள்ளை பசையில வாய் வைக்காது. நேத்துச் சாயங்காலமே மயில்துத்தம் கலந்து விட்டாச்சு. விசம்னு வீடு வீடாச் சொல்லணும், உங்ககிட்டயும் சொல்லிட்டுப் போவம்னுதான் வந்தேன். அந்த நீலத்தைப் பாத்தாலே பயந்து ஓடிராதா?”

டீச்சர் விழுந்தடித்து வகுப்புக்குள் ஓடினாள்.

“ஏலே, நேத்துலேருந்து யாராச்சும் பசை தின்னீகளா?”

பிள்ளைகள் இல்லையென்று தலையாட்டின. நேராக வேலுத்தாயிடம் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“நீ தின்னியா புள்ள? நெசத்தச் சொல்லு!”

“நான் வாயிலயே வைக்கல டீச்சர்.”

போன உயிர் திரும்பி வந்தது. டீச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக் குலதெய்வத்தைக் கும்பிட்டாள்.

வேலுத்தாய்க்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டே வந்து டீச்சர் காதோரம் சொன்னாள்:

“சொட்டு விடாமயே நீலமா இருந்துச்சு டீச்சர். அம்புட்டையும் தம்பிக்கே ஊட்டிட்டேன்.”