குப்பம்மாள் வீட்டுப் பாடு

புருஷனுக்குப் போக வேண்டியதைப் பெண்டாட்டி பிடுங்கிக்கொண்டாள் என்று குப்பம் முழுக்க ஒரே பேச்சு.

விஷயம் இதுதான். சென்னையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி பஸ் பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்து நின்றது. உள்ளே ஸ்கேன் மெஷின். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை படம் எடுத்து, நெஞ்சில் ஒளிந்திருக்கும் கோளாறை முன்கூட்டியே காட்டிவிடுமாம். இலவசம். ஆனால், நோய்நொடி இல்லாதவர்களுக்கு மட்டும்தான்.

"நல்லாயிருக்கறவனுக்கு இன்னாத்துக்கு வைத்தியம்?" என்று சிரித்த குப்பம், இலவசம் என்றதும் மொத்தமாகத் திரண்டுவிட்டது.

அத்தனை பேருக்கு மெஷின் தாங்காது. அதனால் ஏரியில் வலை போட ‘பாடு’ என்று முறை பிரிப்பதுபோலவே, சீட்டுக் குலுக்கிப் பாடு பிரித்தார் ஊர்த் தலைவர் அங்கமுத்து. சீட்டு விழுந்த வீட்டில் ஒருத்தர் போகலாம். வலைக்கு உள்ள சட்டம்தான் இதற்கும். ஒரு வீடு ஏற்றுக்கொண்ட பாடு இன்னொரு வீட்டுக்குக் கைமாறக் கூடாது, வீணாகவும் கூடாது. வீணாக்கினால் அந்த வீட்டுக்கு ஏரியிலும் ஒரு பாடு போச்சு.

தங்கவேல் வீட்டுக்குச் சீட்டு விழுந்தது. அவனுக்குத் தேக்கு மாதிரி உடம்பு. அவனுடைய நைனாவுக்கும் அப்படித்தான் இருந்தது. இதே வயதில், வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகில் சாய்ந்தவர் அவர். அதை யாராவது ஞாபகப்படுத்தினால் தங்கவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"எனக்கு இன்னா கேடு? சீட்டைத் திருப்பிப் போடு தலைவரே" என்றான்.

"திருப்பாதீங்க. நான் போறேன்" என்று பாய்ந்து வந்தாள் அவன் பெண்டாட்டி குப்பம்மாள்.

கடலுக்குப் போகிற மனுஷன் இருக்க, மீன்கூடை தூக்குகிறவளுக்கு என்ன ஸ்கேன் என்று பக்கத்து வீட்டு ஜமுனா முகத்துக்கு நேராகவே கேட்டாள். குப்பம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள், கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பட்டுப்புடவை, கனகாம்பரம் சகிதம் பஸ்ஸில் ஏறினாள். குப்பமே பின்னால் வந்து வேடிக்கை பார்த்தது.

ஏறிய வேகத்தில் இறங்கினாள். மெஷினுக்குள்ளே காந்தமாம். தாலியைக் கழற்றச் சொல்கிறார்களாம்.

"தாலியைக் கழட்டிட்டுப் படுத்தா கடலுக்குப் போற மனுஷனுக்கு ஆவுமா? செத்தாலும் மாட்டேன்" என்று மணலில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டாள்.

பொன்னேரி மார்க்கெட்டில் போலீஸ்காரரையே பேரத்தில் அலறவைக்கிறவள், ஒரு மெஷினைப் பார்த்து நடுங்குகிறாளே என்று ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தலைவர் தொண்டையைச் செருமினார். வீட்டில் யாராவது ஒருத்தர் உள்ளே போயாக வேண்டும், சட்டம் சட்டம்தான் என்றார்.

தங்கவேல் பல்லைக் கடித்தான்.

"உன்னால மானம் போச்சுமே" என்றபடி ஏறினான். அவன் இடுப்பு வெள்ளி அரைஞாண் கழலவே இல்லை. போட் இன்ஜினுக்கு வைத்திருந்த கட்டிங் பிளேயரால் துண்டித்தார்கள். அதற்கும் ஒரு சுற்றுச் சிரிப்பு.

படம் வந்ததும்தான் சிரிப்பு நின்றது. இதயத்துக்கு ரத்தம் போகும் பெரிய குழாயில் அடைப்பு. வலியே காட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கே சென்னைக்குக் கூட்டிப்போய் ஸ்டென்ட் வைத்தார்கள். விட்டிருந்தால் நைனா போன வழிதான் என்றார் டாக்டர்.

தேறி எழுந்த தங்கவேலுக்கு வாய் பழையபடி திரும்பிவிட்டது. பெண்டாட்டி பயந்தாங்கொள்ளியாக இருப்பதும் ஒரு அதிர்ஷ்டம்தான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். பஸ் பொன்னேரிக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பை நிறைய நண்டோடு போய், மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஐஸ்வர்யாவிடமும் அதையே சொன்னான்.

"என் ஊட்டுக்காரி மட்டும் அன்னிக்குப் பயந்து ஓடலைன்னா, நான் இந்நேரம் போட்டோவுல மாலையோட இருப்பேம்மா."

ஐஸ்வர்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவங்களா பயந்தாங்க? சீட்டுக் குலுக்கின அன்னிக்குச் சாயங்காலமே தனியா வந்தாங்கண்ணா. ‘எங்க ஊட்டுக்காரரு உள்ள படுத்தா வலிக்குமா’னு கேட்டாங்க. வலிக்காதுனு சொன்னேன், நம்பல. அவங்களே படுத்துப் பாத்து, குறட்டை விட்டுத் தூங்கிட்டுத்தான் எழுந்தாங்க. தாலியா? கேக்கறதுக்கு முன்னாடியே கழட்டி என் கையில குடுத்துட்டாங்களே."