ஜன்னலோர சீட்

"எழுந்திரும்மா, எனக்கு ஜன்னல் வேணும்."

வந்தாச்சு! தொம்மலூரில் கம்பெனி பஸ் நின்றால் போதும், ரமா ஆன்ட்டி ஏறி நேராக டீனாவிடம்தான் வருவார். ஐம்பதைத் தாண்டின மனுஷி, ஸ்கூல் பிள்ளை மாதிரி ஜன்னலுக்கு அடம். ரெண்டு மாசமாக இதே பாட்டு.

அல்சூரில் டீனா ஏறும்போதே வலது பக்க சீட்டெல்லாம் நிரம்பியிருக்கும். இடது பக்கம்தான் கிடைக்கும். அதிலும் ஜன்னல் ஓரத்தை இந்த ஆன்ட்டி பிடுங்கிக்கொண்டால் எப்படி?

டீனா ஜன்னல் கேட்பது வேடிக்கை பார்க்க இல்லை, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள. இருபத்தாறு வயசிலும் அடங்காத பரு. ஒன்று ஆறினால் ரெண்டு கிளம்பும். ஆறினது கறுப்பாகத் தங்கிவிடும். பஸ்ஸுக்குள் நடைபாதை ஓரம் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் யாருக்கும் வாய் சும்மா இருக்காது.

"என்ன டீனா, இன்னும் ஜாஸ்தியாயிருக்கு? கடலை மாவு போடேன்." இது சுப்புலக்ஷ்மி மேடம்.

"அதெல்லாம் வேலைக்கு ஆவாது. டூத் பேஸ்ட் தடவிட்டுப் படு, காலைல மாயமாயிடும்!" இது கிளிஃபர்ட். அவருக்குப் பாதி முகம் தாடிக்குள் இருக்கிறது, அவர் சொல்கிறார் வைத்தியம்.

"ஆவி பிடி." "எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்து." "கல்யாணம் பண்ணிக்கோ, தானா போயிடும்."

கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் தன் முகத்தைப் பற்றிப் பேசாமல் ஹெப்பகோடி ஆபீஸ் போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு ஒரு ஆசையும் இல்லை.

வாங்கிப் பார்க்காத கிரீம் பாக்கியில்லை. ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஸ்கின் டாக்டரிடமே போய்விட்டாள். மறுநாள் காலை, பஸ்ஸில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"எல்லாத்தையும் குப்பைல போடச் சொல்லிட்டார்மா. வாசனை இல்லாத ஃபேஸ் வாஷ், ஜெல் மாதிரி மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், படுக்கும்போது ஒரு மருந்து. ஃபவுண்டேஷன் பக்கமே போகாதேன்னார். மேக்கப்னா லைட்டா கலர் கலந்த சன்ஸ்கிரீனும் லிப் பாமும்தான். அப்புறம், நேர் வெயில் படவே கூடாதாம், தழும்பு இன்னும் கறுத்துடுமாம். வெயில் படாம எப்படிம்மா வேலைக்குப் போறது?"

பக்கத்து சீட்டில் ரமா ஆன்ட்டி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஒருத்தர்தான் டீனாவின் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். பார்க்கவே பிடிக்கவில்லை போல என்று டீனா நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் காலையில் மூக்கு நுனியிலேயே புதுசாக ஒன்று. பஸ் ஏறியதிலிருந்து மூணு பேர் விசாரித்தாயிற்று. நாலாவதாக இந்த ஆன்ட்டி, ஜன்னலைக் கேட்டு நிற்கிறார்.

"முடியாது ஆன்ட்டி."

"என்னம்மா?"

"எழுந்திரிக்க மாட்டேன். முன்னாடி ஏறுறது நான். தினமும் ஜன்னல் உங்களுக்குன்னா என்ன நியாயம்? உங்க பேர்ல ரிசர்வ் பண்ணியிருக்கா?"

கிளிஃபர்ட் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்வல்ப, கொஞ்சம் நான் சொல்றதக் கேளும்மா..."

"வேணாம். நான் சும்மா இருக்கிறதாலதானே ஆளாளுக்கு ஏறி மிதிக்கிறீங்க?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ரமா ஆன்ட்டி நடைபாதை ஓரமாக உட்கார்ந்தார்.

சில்க் போர்டு சிக்னலில் வழக்கம்போல வண்டிகள் நகரவில்லை. ஜன்னல் திரை எப்போதோ கிழிந்துபோய் வெறும் கம்பிதான் மிச்சம். வெயில் நேராகக் கன்னத்தில் வந்து அடித்தது. துப்பட்டாவை இழுத்துப் பிடித்தாள். காற்று அதைப் பறக்கடித்தது. பத்தே நிமிஷத்தில் கன்னம் திகுதிகுவென்று எரிந்தது.

காலையில் போகும்போது இடது பக்கம் கிழக்கு. சாயங்காலம் திரும்பும்போது மேற்கு. போகவும் வரவும் வெயில் இந்தப் பக்கம்தான். அதனால்தான் வலது பக்கம் முதலில் நிரம்புகிறதா! மழைக்காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு இது உறைக்கவே இல்லை.

எரிச்சல் தாங்காமல் முகத்தை உள்பக்கம் திருப்பினாள்.

ரமா ஆன்ட்டியின் இடது கன்னம் பக்கத்திலேயே இருந்தது. ரெண்டு மாசமாக அவள் பார்த்ததெல்லாம் வலது கன்னத்தைத்தான். இந்தப் பக்கம் நெற்றிப் பொட்டிலிருந்து தாடை வரைக்கும் கன்னங்கரேலென்று கறுத்து, தோல் உரிந்து கிடந்தது.

டீனா அந்தக் கன்னத்தையும் வெயில் அடிக்கிற ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி... அன்னிக்கு நான் அம்மாகிட்ட பேசும்போது நீங்க தூங்கலையா?"

ரமா ஆன்ட்டி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்பவாவது இந்தப் பக்கம் வா. வெயில் ஏறுது."

டீனா மறுபேச்சில்லாமல் நகர்ந்தாள். ஆன்ட்டி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெயில் முழுக்கத் தன் மேல் விழுகிற மாதிரி கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. நான் வாய்க்கு வந்தபடி..."

"எப்படிச் சொல்றது?" ரமா ஆன்ட்டி அவள் பக்கம் திரும்பாமலேயே சொன்னார். "சொன்னா, நானும் உன் முகத்தைப் பத்திப் பேசின மாதிரி ஆயிடுமேம்மா."