வாசல்வரை வரும் வான்

"வான்தான். நான் சொல்லிப்போட்டன், வான்தான்" என்றாள் சிவகௌரி.

"ரயில்" என்றார் மகேந்திரராஜா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

டூங்கபி என்ற ஊரில் அவர்களுடைய வீட்டின் சாப்பாட்டு மேசையில் லேப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மகள் தாரிணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜூனில் அப்பாவும் அம்மாவும் ஐரோப்பா போகிறார்கள். முதலில் பாரிஸில் சித்தி வீடு. பிறகு சூரிச்சில் மாமா வீடு. விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு எப்படிப் போவது என்பதில்தான் காலையிலிருந்து வீடு ஸ்தம்பித்து நிற்கிறது.

"அம்மா, ரயில் ஃபோர் அவர்ஸ்தான். ஷட்டில் வான் எண்டால் எய்ட் அவர்ஸ் ஆகும்."

"ஆகட்டுமே. வீட்டு வாசல்லை ஏத்தி, வீட்டு வாசல்லை இறக்குவாங்கள். சூட்கேசை இழுத்துக்கொண்டு படி ஏறி இறங்கத் தேவையில்லை. என்ரை முழங்கால் தெரியும்தானே?"

"அந்த முழங்காலை எட்டு மணித்தியாலம் வானுக்குள்ளை மடக்கி வைச்சிருக்கப் போறீரோ?" என்றார் மகேந்திரராஜா.

"ரயிலிலை வெளிநாட்டுக்காரர் வந்து சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போயிடுவினமாம். தங்கச்சி சொன்னவள்."

"அங்கை நாங்கள்தான் வெளிநாட்டுக்காரர். அது கிடக்கட்டும், வானிலை ரொய்லெட் இருக்கோ?"

"இடையிலை நிப்பாட்டுவாங்கள்."

"எங்கை?"

சிவகௌரி மேசையில் இல்லாத தூசியைக் கையால் துடைத்தாள்.

"பாசல்லை" என்றாள்.

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது.

சூரிச்சுக்குப் போகும் வழியில் உள்ள பாசல் நகரில் இருப்பவர் மகேந்திரராஜாவின் அண்ணர் இரத்தினசிங்கம். இருவருக்கும் சில வருடங்களாகப் பேச்சில்லை. தாரிணியின் கல்யாணம் சரிவந்தபோது, மூத்தவருக்குத்தான் முதலில் ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மகேந்திரராஜா அவசரத்தில் அழைப்பிதழைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டார். தம்பி மகளின் கல்யாணச் செய்தியை, ஒன்றுவிட்ட இரண்டுவிட்ட எல்லோரோடும் சேர்ந்து, ட்ராமுக்குள் நின்றபடி அண்ணர் அறிந்துகொண்டார்.

"இனி உன்ரை வாசல் மிதிக்கமாட்டன், முருகன் அறிய" என்றார் அவர். "நானும் உங்கடை வாசல் மிதியன், அதே முருகன் அறிய" என்றார் இவர். இரண்டு பேரும் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். கோபத்தில் கடவுளைச் சாட்சிக்கு இழுத்தால், கோபம் போன பிறகும் சாட்சி போகாமல் நிற்கும். ஆகவே இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வந்தார்கள்.

"நான் விசாரிச்சிட்டன்" என்றாள் சிவகௌரி. "முதலே சொல்லி வைச்சால் அவையின்ரை வீட்டடியிலை பத்து நிமிசம் நிப்பாட்டுவாங்களாம்."

"அண்ணற்றை வாசல்லை?"

"ஓம். நீங்கள் இறங்க வேண்டாம். அவரும் ஏற வேண்டாம். வான் ஜன்னலாலை ஒருக்காப் பாத்தால் காணும்."

"ஜன்னலாலை பாக்க, அவரென்ன மிருகக்காட்சிச் சாலையிலையோ இருக்கிறார்?"

தாரிணி சிரிப்பை அடக்கினாள். சிவகௌரி சிரிக்கவில்லை.

"போன வருசம் அந்த மனுசனுக்கு இருதய ஒப்பரேசன். உங்களுக்கும் வயசு குறையேல்லை. இதை விட்டால் இனி எப்ப அந்தப் பக்கம் போகப்போறம்?" என்றாள் அவள். "கூடப்பிறந்தவரைப் பாக்காமல் தாண்டிப் போட்டு, பிறகு என்னெண்டு போய் முருகனுக்கு முன்னாலை நிப்பியள்?"

"முருகன் அறியச் சொன்ன சொல்லுத்தான் அதுவும். அண்ணற்றை வாசலுக்கு நான் போகேலாது."

"அப்பா, என்ரை வெடிங் கார்டாலை வந்த சண்டை இது" என்றாள் தாரிணி. "நான் பெரியப்பாவோடை கதைக்கட்டோ?"

"வேண்டாம் பிள்ளை. நீ ரயிலைப் போடு."

சிவகௌரி எழுந்து குசினிக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

தாரிணிக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. வாயால் காட்ட முடியாததை லேப்டொப்பின் விசைகள் மேல் ஓங்கி ஓங்கித் தட்டிக் காட்டினாள்.

"ஓகே. பாரிஸ் டு சூரிச். ரயில். ரெண்டு சீட்."

"நாலு" என்றார் மகேந்திரராஜா.

"என்ன?"

"நாலு சீட். ரெண்டு சூரிச் வரைக்கும். மற்ற ரெண்டும் பாசல் வரைக்கும்."

குசினியில் குழாய்ச் சத்தம் நின்றது. சிவகௌரி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"போன வெள்ளி கோயில் கார் பார்க்கிலை நிண்டு அண்ணருக்கு ஃபோன் எடுத்தனான்" என்றார் அவர், பேப்பரை மறுபடி தூக்கியபடி.

"அதை முதலே சொன்னால் என்ன?"

"நீர் வானை விட்டு இறங்கினால்தானே சொல்ல! அவரும் அண்ணியும் பாசல்லையிருந்து பாரிஸ் ஸ்டேசனுக்கு வந்து எங்களோடை ஏறுவினம். ரயில் ஒருத்தற்றை வாசலும் இல்லையாம், அவர்தான் சொன்னவர். பிள்ளை, முகம் பாத்து இருக்கிற சீட்டா எடு."