குளக்கரையில் நாலு டீச்சர்கள்

"இருந்துட்டுப் போகட்டும். கட்டிப்போடு."

தோசைக்கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். சொன்னது அவள் கணவன் சிவகுருதான்.

கேமராவும் நம்முடையது, படமும் நம்முடையது, அதைத் திருத்துகிற சாஃப்ட்வேருக்கு மட்டும் எதற்கு வருஷாவருஷம் வாடகை என்று வாங்கிய நாளிலிருந்து புலம்பியவர். இன்று அவளே, சந்தா முடிகிறது, நிறுத்திவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்கிறார்.

இவர் இப்படிச் சொல்கிறவர் இல்லையே.

அவர் ஆபீஸ் போனதும் கணினியைத் திறந்தாள்.

அந்த சாஃப்ட்வேரில் அவள் கணக்கு இரண்டு கணினிகளில் திறந்திருந்தது. ஒன்று இது. இன்னொன்று சிவகுருவின் ஆபீஸ் கணினி.

பாஸ்வேர்டு மகளின் பெயர்தான். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் இவருக்கு எதற்குப் படம் திருத்துவது? செல்ஃபி எடுத்தாலே நெற்றி மட்டும்தான் விழும்.

சிங்காநல்லூர் குளத்துப் படங்களைத் திறந்தாள். ஞாயிறுதோறும் விடியலில் அவள் எடுத்தவை.

யாரோ கை வைத்திருந்தார்கள்.

எல்லாப் படத்திலும் வெளிச்சத்தைக் கடைசிவரை ஏற்றியிருந்தது. சங்குவளை நாரை சுண்ணாம்பு அடித்ததுபோல் நின்றது. மீன்கொத்தியின் நீலம் போயே போய்விட்டது.

பின்னால் இருட்டில் கிடந்த கரை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பனைமரம். முள்வேலி. அவளுடைய ஸ்கூட்டர்.

அவர் பறவையைப் பார்க்கவில்லை. எவனாவது நிற்கிறானா என்று பார்த்திருக்கிறார்.

முகம் கொதித்தது. தேடட்டும். கண் பூத்துப்போகத் தேடட்டும். சாயங்காலம் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோலக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு படமாகத் தள்ளினாள்.

எவனும் இல்லை.

யாருமே இல்லை.

கை நின்றது.

பொம்பளை தனியாகக் குளத்துக்குப் போவதா என்று ஒருமுறை அவர் மறித்தபோது, பறவை பார்க்கிற குழுவோடு போகிறேன், நாலு டீச்சர்மார் கூட வருகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் விட்டார்.

அப்படி ஒரு குழுவே கிடையாது.

நாலு பேர் கூடினால் பறவை எங்கே உட்காரும்? அவள்தான் எங்கே உட்காருவாள்? வாரத்தில் அந்த ஒரு காலைதான் அவளுக்கென்று இருந்தது. அது போய்விட்டால் அவளால் தாங்க முடியாது.

சாயங்காலம் அவர் சண்டை பிடிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கெழம அந்த டீச்சருங்களயும் ஒரு போட்டோ எடுத்துட்டு வா. நானும் பாக்கறேன்."

"சரிங்க."

அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். அவள் உள்ளே போய் இன்னொரு வருஷத்துக்குச் சந்தாவைக் கட்டினாள்.

பிறகு வைஃபையை அணைத்தாள். இனி இங்கே செய்வது ஆபீஸ் கணினிக்குப் போகாது.

மகள் பள்ளி விளையாட்டு விழாப் படத்தைத் திறந்தாள். மைதானத்தில் நாலு டீச்சர்கள் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை சிவகுரு ஒருநாளும் மிதித்ததில்லை.

நாலு பேரையும் வெட்டியெடுத்துப் பனைமரத்தடியில் நிறுத்தினாள்.

மைதானத்தில் மாலை வெயில். குளத்தில் காலை வெயில்.

ஒவ்வொருத்தியின் நிழலையும் திருப்பிப் போட ஆரம்பித்தாள்.