சிரிப்புக்கு ஒரு கண்ணாடி

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முரளி சிரித்துக்கொண்டிருந்தான். வாய் அவனுடையது, சிரிப்பு மட்டும் சாருலதாவுடையது.

உள்ளங்கையால் வாயை மூடி, தோளைக் குலுக்கி, கடைசியில் மூக்கால் 'கொர்' என்று ஒரு சத்தம். மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து அதையே பத்துத் தடவை செய்தான். பக்கத்து மேசை இர்பான் அதைப் போனில் வீடியோ வேறு எடுத்தான்.

சாருலதாவுக்குக் காது வரை சுட்டது.

அந்தக் 'கொர்' அவளோடு கூடப் பிறந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அந்த வருஷம் முழுக்கப் பட்டப்பெயரோடு அலைந்தாள். அன்றைக்கு வாய்க்குப் போன கை நாற்பத்திரண்டு வயதாகியும் இறங்கவில்லை. போன உகாதி சமயம் ஆபீசில் இருந்தபோது தங்கை போனில் என்னவோ சொல்ல, கொஞ்சம் அசந்து 'கொர்' விட்டுவிட்டாள். அன்றிலிருந்து இந்தக் கூத்து. இதோடு மூன்றாவது தடவை பார்க்கிறாள்.

கார்ட்டூன் படம் எடுக்கும் அந்தக் கம்பெனிக்கு நிர்வாக அதிகாரியாக அவள் வந்து ஒரு வருஷம் ஆகிறது. வந்த முதல் நாளே கவனித்தாள். படம் வரைகிற பையன்கள் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. வேலைக்கு வருகிறார்களா, பெண் பார்க்கப் போகிறார்களா என்று நினைத்துக்கொண்டாள். மதியம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது தன் டப்பாவைத் தன் அறையிலேயே திறந்தாள்.

நேரே மேலாளர் வெங்கடகிருஷ்ணனிடம் போனாள்.

மறுநாள் அவர் கூப்பிட்டுச் சொன்னார். "அவன் மறுக்கவே இல்லம்மா. 'ஆமா சார், மேடம் சிரிப்புதான்'னு ஒத்துக்கிட்டான். ஏன்டா இப்படின்னா வாயைத் திறக்கமாட்டேங்கறான். வீட்ல இருடான்னு அனுப்பிட்டேன். வேலையை விட்டு எடுக்கறதா வேண்டாமான்னு நீங்களே திங்கட்கிழமை சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? எடுங்க. எழுத்துலயே தரேன்."

அன்றிரவே எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு வருஷமாக எடுத்த படத்தை, கடைசித் திருத்தங்கள் பாக்கி இருக்கும்போதே, ஊழியர் வீட்டுக் குழந்தைகளுக்கென்று செகந்திராபாத் தியேட்டர் ஒன்றில் போட்டார்கள். இருநூறு வாண்டுகள். பாப்கார்ன் பாதி தரையில், பாதி சாருலதாவின் புடவையில்.

படம் தெலுங்கில் ஓடியது. காடு, பாட்டு, ஆட்டம். சாருலதாவுக்கு எதுவும் ஏறவில்லை. சிரிப்பைக் கேலி செய்தவன் இதில் என்னை என்னவாக வரைந்து வைத்திருக்கிறானோ என்பதே கவலை.

கழுதைப்புலி வந்தது. இதுதான் என்று பல்லைக் கடித்தாள். அது கர்ஜித்ததே தவிர சிரிக்கவில்லை. அடுத்து ஒரு மூதேவி ஆந்தை. அதுவும் இல்லை.

பிறகு முள்ளு வந்தாள். குட்டி முள்ளம்பன்றி. குத்தும் என்று பயந்து யாரும் பக்கத்தில் உட்காராததால், பொந்துக்குள்ளேயே தனியாகச் சாப்பிடுகிறவள்.

அடைமழை. மிருகங்கள் எல்லாம் ஒரு குகைக்குள் நடுங்கிக்கொண்டு நிற்கின்றன. பாட்டுகூட நின்றுவிட்டது. அப்போது யானை வழுக்கி, தன் வால்மேலேயே உட்கார்ந்துகொண்டு "யார் என்னைப் பிடித்து இழுத்தது?" என்று கேட்டது.

முள்ளு வாயை மூடினாள். தோள் குலுங்கியது. கை நழுவியது.

கொர்.

குகையில் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. பிறகு குரங்கு 'கொர்' என்றது. யானை தும்பிக்கையால் பெரிய 'கொர்' போட்டது. அதையே தாளமாகப் பிடித்துக்கொண்டு பாட்டு கிளம்பியது. ஆளுக்கொரு கொய்யாப்பழத்தை முள்ளுவின் முட்களில் குத்திவிட்டு, எல்லாம் அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டன.

தியேட்டரில் ஒரு குழந்தையும் நாற்காலியில் இல்லை. இருநூறு மூக்குகள் 'கொர் கொர்' என்றன.

பக்கத்து நாற்காலிச் சிறுமி சாருலதாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஆன்ட்டி, மீரு கூட நவ்வண்டி." நீங்களும் சிரியுங்கள் என்கிறாள்.

பின்வரிசையிலிருந்து இர்பான் குனிந்தான். "கோபம் நக்கோ மேடம், கோபப்படாதீங்க. முள்ளுக்கு எந்தச் சிரிப்பும் அமையல. உங்க சிரிப்பைக் கேட்ட அன்னிக்கு முரளி டான்ஸே ஆடிட்டான். கண்ணாடியில நாங்க நடிச்சுப் பார்த்துத்தானே வரையறோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதான் சொன்னேன். 'சொன்னா மேடம் மறுநாளே சிரிக்கறதை நிறுத்திடுவாங்க. படத்துல குழந்தைங்க எப்படிக் கொண்டாடறாங்கன்னு முதல்ல பார்க்கட்டும்'னான். வேலையே போனாலும் வாயைத் திறக்காதேன்னு சத்தியம் வேற வாங்கிட்டான்."

சாருலதா எழுந்து வெளியே ஓடினாள். ஒரு கையில் போன், மறு கையில் கைப்பையிலிருந்து உருவிய அந்தக் கடிதம்.

"முரளி, நான் சாருலதா. நாளைக்கு வேலைக்கு வந்துடுப்பா. என்னை மன்னிச்சுடு. நான் உன்னைப் போய்..."

உள்ளே மறுபடி இருநூறு 'கொர்'. அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூடிக்கொள்ளக் கை காலியில்லை.

கொர்.



"மேடம், போனை வைக்காம அப்படியே இருங்க," என்றான் முரளி அவசரமாக. "கண்ணாடியை எடுத்துட்டு வந்துடறேன். அந்தக் கடைசி 'கொர்' மட்டும் எனக்கு இன்னும் சரியா வரல."